கல்லில் எழுதிய குத்தகை



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை. விவேக் நகர் வண்ணாரப்பேட்டைப் பகுதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மகன் என் இல்லத்திற்கு வந்தான். கையில் ஒரு பை. பைக்குள்ளே நான்காக மடித்த முத்திரைத்தாள்.

“பெரியப்பா, இந்தப் பத்திரத்தைச் சற்றே படித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பேசியிருக்கிறோம். நாளை மறுநாள் பணம் கொடுக்க வேண்டும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார்” என்றான்.

‘லீசு’ என்று இந்நகரத்தார் யாவரும் வழங்கும் போக்கியத்தை நம் நேயர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, திங்கள்தோறும் வாடகையின்றிக் குடியிருப்பது; தவணை முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்று வெளியேறுவது. நம் முன்னோர் ‘ஒற்றி’ என்று சொன்னதன் நகரத்து வடிவம் இது. மாத வாடகைக்கு அஞ்சி, ஊரில் இருந்த நகையையும் நிலத்தையும் விற்று இத்தொகையைத் திரட்டிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

நான் அத்தாளைப் படித்தேன். தொகை எழுதியிருந்தது, தவணை எழுதியிருந்தது, கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது. வீட்டின் நான்கெல்லை இல்லை. அவ்வீடு எவ்வழியில் உரிமையாளருக்கு வந்தது என்ற செய்தி இல்லை. அதன்மேல் கடன் ஏதும் உண்டா என்பதும் இல்லை.

“பதிவு செய்யப் போகிறீர்களா?” என்று கேட்டேன்.

“பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள் எழுதிக்கொண்டால் போதும், பதிவு வீண்செலவு என்று தரகர் சொன்னார், பெரியப்பா.”

“நாளை உனக்கு விடுமுறையா?”

“ஆம்.”

“காலையில் என்னோடு மடிவாளம் வா. அங்கே ஒரு பத்திரம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து இதைப் பேசுவோம். அதுவரை ஒரு காசும் கொடுக்காதே.”

அவன் வியப்போடு பார்த்தான். நான் காட்டவிருந்த பத்திரத்தின் ஆண்டு 1247 என்று அவன் அறியான்.

சுவரே பத்திரம்

விவேக் நகரிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் மடிவாளம் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. ஓயாத வண்டி இரைச்சலின் நடுவே, தெருவில் போகிறவர் திரும்பியும் பாராத சிறு கோயில். அதன் புறச்சுவர்க் கற்களில் தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் பழமையானது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூரில் வாழ்ந்த ஒருவர், வெங்கலூர்ப் பேரேரிக்குக் கீழே உள்ள நிலத்தை இறைவனுக்குக் கொடுத்ததை அது கூறுகிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்கலூர் எதுவென்று நேயர்கள் இந்நேரம் உணர்ந்திருப்பீர்கள். அது நாம் வாழும் இப்பெங்களூர்தான்.

தம்பி கல்லின்மேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டினான். அவன் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தை வீட்டில் அவன் தாய் கற்பித்தாள். எழுநூறு எண்ணூறு ஆண்டுக்கு முந்திய எழுத்து. வடிவம் சற்றே மாறியிருக்கிறது. ஆயினும் இரண்டு மூன்று எழுத்துகளை அவன் கண்டுகொண்டபோது அவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறவேன். “இது ‘ப’ போல இருக்கிறதே, பெரியப்பா!” என்றான். தன் தாய் சொல்லிக் கொடுத்த எழுத்து தான் பிறந்த நகரத்தின் கற்சுவரில் இருக்கும் என்று அவன் எண்ணியதில்லை.

அக்கோயிலின் வேறு கல்வெட்டுகளும் நிலக்கொடைகளையே கூறுகின்றன. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கொடைகளும் அவற்றுள் உள. ஒன்று தாமரைக்கிரை என்னும் இடத்து நிலத்தைக் குறிக்கிறது. அப்பெயர் இன்று தாவரெகெரெ என்று அருகிலேயே வழங்குகிறது. கன்னடத்தில் ‘கெரெ’ என்றால் ஏரி. அது தமிழ்க் கல்லில் ‘கிரை’ ஆயிற்று. ஒரே சொல்லில் இரு மொழியும் கைகோத்து நிற்பதைக் காண்க.

தமிழ்க்கல் இங்கு எவ்வாறு வந்தது?

இவ்வினா எழுவது இயல்பு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கநாட்டை வென்றனர். அதன் தென்பகுதி முடிகொண்ட சோழ மண்டலம் என்றும், கோலார் முதலிய கீழ்ப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் என்றும் பெயர் பெற்றன. காடுகோடியில் 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த, முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சோழரின் கீழ் இருந்த தலைவன் ஒருவன் பட்டந்தூர் ஏரியை மதகுகளோடு அமைத்ததை அது கூறுகிறது. ஏரி வெட்டியவன் இராசராச வேளான். அவன் தந்தை பெர்மாடி காவுண்டன். மகன் பெயர் சோழன் பெயர். தந்தை பெயர் கன்னட மண்ணின் பெயர். ஆள்வோர் மாறினும் ஊரார் தம் ஏரியைப் பேணி வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1116-17ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றியதோடு சோழர் ஆட்சி இங்கே முடிந்தது. ஆயினும் தமிழ்க்கல் முடியவில்லை. மேலே சொன்ன 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு கன்னட நாட்டுப் போசளர் ஆட்சியில் எழுந்தது என்பதை நினைவிற் கொள்க. அரசன் மொழி எதுவாயினும், நிலத்தை உழுகின்றவனும் கோயிலைக் காக்கின்றவனும் படிக்கக்கூடிய மொழியில் பத்திரம் இருக்க வேண்டும் என்பது அக்காலத்தார் கண்ட முறை.

இதனைக் கொண்டு, ‘இம்மண் எம்முடையது’ என்று நம்மவர் எவரேனும் மார்தட்டுவராயின் அது அறியாமையாகும். 1247ஆம் ஆண்டுக் கொடையாளி வாழ்ந்த அதே பேகூரில்தான், 890ஆம் ஆண்டளவைச் சேர்ந்த கன்னட வீரக்கல் ‘பெங்களூர்’ப் போரைக் குறிக்கிறது. இந்நகரின் பெயரை முதலிற் சொன்னது கன்னடக்கல். அதன் பேரேரியின் கீழ் இருந்த வயலைச் சொன்னது தமிழ்க்கல். நாம் இங்கே வழி தவறி வந்த விருந்தினரும் அல்லேம். வீட்டை வென்று கொண்ட தலைவரும் அல்லேம். நெடுங்காலம் கூடிவாழ்ந்த அயலார். அவ்வளவே கல் கூறுவது. அதுவே நமக்குப் போதும்.

தொம்பலூர்ச் சொக்கப்பெருமாள்

மடிவாளத்திலிருந்து தொம்மலூர் சென்றோம். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள. ஊர்ப்பெயர் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அவற்றில் வருகிறது. இறைவன் பெயர் சொக்கப்பெருமாள். 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் இரண்டு வாயில்நிலைக் கால்களைக் கொடுத்தார் என்கிறது. இரண்டே கால்கள்! அதற்கும் ஒரு பத்திரம். சிறு கொடையையும் எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது.

மற்றொரு கல்வெட்டு, தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியாரும் சலப்பள்ளி என்னும் ஊரிலும் விண்ணமங்கலத்து ஏரியைச் சார்ந்தும் இருந்த நிலங்களை இறைவனுக்கு அளித்ததைக் கூறுகிறது. விண்ணமங்கலம் இன்று பின்னமங்கலா என்னும் பெயரோடு இந்திராநகரின் ஒரு பகுதியாய் இருக்கிறது. இன்று சதுர அடிக்கு விலை கேட்டால் நாம் மயங்கி விழும் இடத்தில் அன்று ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்தது. கணவன் பெயரோடு மனைவியும் கொடையாளியாய்க் கல்லில் நிற்பதை நம் இல்லத்தரசியர் கவனிப்பாராக. வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயரையும் சேர்ப்பது இக்காலப் புதுமை என்று எண்ணவேண்டா.

இவற்றினும் சிறந்தது போசள வீரராமநாத தேவரின் ஆணை. சோமேசுவர மன்னன் தன் நாட்டை மைந்தர் இருவர்க்கும் பிரித்தளித்தபோது, தமிழ்ப்பகுதி இராமநாதனுக்கு வந்தது. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டவன், பாண்டியரிடம் அந்நாட்டை இழந்தபின், இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்துக் குந்தாணியில் தங்கினான். அவன் தன் நாட்டுக் கோயில் நிருவாகிகளுக்கும் மடத்தலைவர்க்கும் சுற்றோலை போல ஓர் ஆணை விடுத்தான். தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்களின் மேல் இதுவரை வாங்கிய வரிகளை நீக்கினோம். ஊர்களைப் பெற்றுக்கொண்டு, பூசையும் அமுதும் திருப்பணியும் குறைவற நடத்தி, நமக்கும் நாட்டுக்கும் நலம் வேண்டுங்கள் என்பது அதன் கருத்து. தேவதானம் சிவன் கோயிலுக்கு உரியது, திருவிடையாட்டம் திருமாலுக்கு, மடப்புறம் மடத்துக்கு, பள்ளிச்சந்தம் சமணப் பள்ளிக்கு. நால்வர்க்கும் ஒரே ஆணை! ஒவ்வொரு வியாழக்கிழமையும் குழந்தை ஏசு ஆலயத்துக்கு எல்லாச் சமயத்தாரும் திரண்டு வரும் விவேக் நகரத்தார்க்கு இதன் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுமோ?

பின்னர் விசயநகரத்துத் தேவராயன் காலத்திலும், தொம்பலூரைச் சூழ்ந்த வீடும் கிணறும் நிலமும் அவற்றின் வரிகளும் சொக்கப்பெருமாளுக்கு அளிக்கப்பெற்றன.

நிலம் யாருடையது? ஏர் யாருடையது?

தம்பி அப்போது ஒரு நல்ல வினாவைக் கேட்டான். “நிலத்தைச் சாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி, பெரியப்பா. அதில் அதுவரை உழுது கொண்டிருந்தவன் என்ன ஆனான்?”

குத்தகை என்னும் பொருளின் உயிர்நிலை இவ்வினாவில்தான் இருக்கிறது. நம் முன்னோர் இதனைக் கேளாமல் விடவில்லை. ஒரு துண்டு நிலத்தில் இரண்டு உரிமைகள் உண்டு என்று அவர்கள் பகுத்தனர். உழுது பயிரிடும் உரிமை காராண்மை; அதற்கு மேலான உடைமை உரிமை மீயாட்சி. விளைவிலே உழுதவன் பங்கு கீழ்வாரம். உடையவன் பங்கு மேல்வாரம். அரசன் ‘ஊரைக் கோயிலுக்குக் கொடுத்தான்’ என்றால் பெரும்பாலும் தனக்கு வரவேண்டிய வரியைத் திருப்பிவிட்டான் என்பதே பொருள். உழவன் முன்போலவே உழுதான். தானியம் செல்லும் வாயில்தான் மாறியது.

எப்போதும் அவ்வாறு என்றும் சொல்லற்கில்லை. பழைய குடிகளை அகற்றிவிட்டுக் கொடுத்த நிலமும் உண்டு. அகற்றாமற் கொடுத்ததும் உண்டு. பின்னதைக் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்றனர். இந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு தொங்கியது. ‘நீங்கா’ என்பதற்கும் ‘நீக்கி’ என்பதற்கும் எழுத்திலே வேறுபாடு சிறிது. அடுப்பெரிவதற்கும் அணைவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆகவேதான் அதனை வாய்ச்சொல்லாய் விடாது கல்லிலும் செம்பிலும் வெட்டினர்.

எவ்வாறு வெட்டினர் என்பதையும் காண்போம். முதலில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்பது. அடுத்துக் கொடுப்பவர் யார், பெறுவோர் யார். பின்னர் நிலம் எந்த நாட்டில், எந்த ஊரில், எந்த ஏரியின் கீழ் என்பது. அதன்பின் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கெல்லை. எல்லைக்குள் அடங்கிய நன்செய், புன்செய், மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு யாவும் சேர்ந்தன என்ற விளக்கம். நீர்வார்த்துக் கொடுத்தோம் என்ற உறுதி. திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்ற தவணை. இறுதியில், இவ்வறத்தைக் காப்பவர் அடி எம் தலைமேல் என்ற வணக்கமும், அழிப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் புகுவர் என்ற சாபமும். வயலின் மூலைகளில் எல்லைக்கல் நடுவர். சிவன் நிலமாயின் சூலம் பொறித்த கல். திருமால் நிலமாயின் ஆழி பொறித்த கல். எழுத்தறியாதவனும் கல்லைப் பார்த்து நிலத்தை அறிவான்.

சாபத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய பதிவு அலுவலகத்துப் பத்திரத்தில் வேறு என்ன இருக்கிறது? அங்கே ‘செக்குபந்தி’ என்று எழுதுவது இந்த நான்கெல்லையையே.

மேற்கிலும் இவ்வாறே

இதே காலத்தில் மேற்குலகிலும் சமய நிறுவனங்கள் பெரும் நிலவுடைமையராய் இருந்தன. சிலுவைப் போர்களின் போது எழுந்த இரண்டு துறவியர் படைகளை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். ஒன்று, நோயுற்ற யாத்திரிகரைப் பேண எருசலேமில் தோன்றி, 1113ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் காப்புறுதி பெற்ற ஆஸ்பிட்டலர் சங்கம். மற்றொன்று டெம்ப்ளர் சங்கம். ஐரோப்பா முழுவதிலும் செல்வர்கள் இவர்களுக்கு நிலம் எழுதிவைத்தனர்.

நிலம் குவிந்தால் கணக்கு வேண்டும் அன்றோ? டெம்ப்ளர்கள் 1185ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள தம் நிலங்களை அளந்தறிந்து ஒரு பதிவேடு எழுதினர். எந்த ஊரில் எவ்வளவு, கொடுத்தவர் யார், இப்போது குடியிருப்பவர் யார், அவர் செலுத்தும் வாடகை என்ன என்பவை அதில் உள. பாலத்தீனத்தின் தென்பகுதியில் பெத்கிபெலின் என்னும் கோட்டை ஆஸ்பிட்டலர் வசம் 1136ஆம் ஆண்டில் வந்தது. அங்கே குடியேற அயல்நாட்டிலிருந்து உழவர்களை அழைத்தனர். 1168ஆம் ஆண்டுச் சாசனம் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு உரிமை வழங்குகிறது. குடும்பத்துக்கு இரண்டு ஏர் உழும் நிலம். விளைவில் ஒரு பங்கு சங்கத்துக்கு. நிலம் தந்தைக்குப்பின் மக்களுக்குச் செல்லும். விதிக்கு உட்பட்டு விற்கவும் செய்யலாம். ஏன் இவ்வளவு இரக்கம்? பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவன், ‘நாளை துரத்துவார்களோ’ என்ற அச்சத்தோடு நிலத்தைத் திருத்தமாட்டான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். புலம்பெயர்ந்தார் உள்ளத்தை அறிந்த சாசனம் அது.

ஆனால் ஒருமுறை சமய நிறுவனத்தின் கைக்குப் போன நிலம் மீளாது. நிறுவனத்துக்குச் சாவு இல்லை. ஆகவே சாவின்போது மன்னனுக்கும் தலைவனுக்கும் வரவேண்டிய வரவும் இல்லை. இதைக் கண்டு 1279ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னன், இசைவின்றிச் சமய நிறுவனங்களுக்கு நிலம் கொடுத்தலைத் தடுத்துச் சட்டம் செய்தான். அதே நூற்றாண்டில் நம் வீரராமநாதன் கோயில் நிலத்து வரியை நீக்குகிறான். ஒருவன் தன் பெட்டி குறைகிறதே என்று கதவை மூடினான். மற்றவன் நாடு கைவிட்டுப் போகும் நிலையிலும் கதவைத் திறந்தான். எவன் செய்தது நல்லரசியல் என்று ஆராய்வதை நேயர்களுக்கே விடுகிறேன்.

இன்னொரு வேடிக்கை. 1312ஆம் ஆண்டில் டெம்ப்ளர் சங்கம் கலைக்கப்பட்டது. இலண்டனில் இருந்த அவர்கள் இடம் ஆஸ்பிட்டலர்க்குச் சென்றது. அவர்கள் அதனை வழக்கறிஞர்களுக்கு வாடகைக்கு விட்டனர். பின்னர் அரசன் சொத்தைப் பறித்துக்கொண்டான், வாடகைக்காரர் அகலவில்லை. 1608ஆம் ஆண்டில் முதலாம் சேம்சு மன்னன், அங்கிருந்த தேவாலயத்தைப் பேணவேண்டும் என்ற விதியோடு அவ்விடத்தை வழக்கறிஞர் கழகங்கள் இரண்டுக்கும் உரிமையாக்கினான். இன்றும் அவர்களே அங்கு இருக்கின்றனர். வீட்டுக்காரர் இருவர் மறைந்தனர்; குடியிருந்தவர் நிலைத்தனர். சட்டம் அறிந்த குடித்தனக்காரரை எவர்தாம் அசைக்க இயலும்!

கோயில் நிலங்கள் என்ன ஆயின?

நம் பக்கத்தில் 1955ஆம் ஆண்டில், மைசூர் அரசு சமய, அறநிலைய இனாம்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. கோயிலின் இனாம் நிலங்கள் அரசைச் சார்ந்தன. பயிரிட்டோர் தம் உரிமையைப் பதிவு செய்துகொள்ள வழி ஏற்பட்டது. நிலத்துக்கு ஈடாகக் கோயில்களுக்கு ‘தஸ்தீக்’ என்னும் ஆண்டுத்தொகை முறை வந்தது. காராண்மை கொண்டவனுக்கே மீயாட்சியும் வந்தது என்று பழைய சொல்லால் கூறலாம். கையில் சான்று வைத்திருந்த குடியானவன் நிலம் பெற்றான். சான்று இல்லாதவன் அலைந்தான்.

தமிழ்நாட்டில் நிலை வேறு. அங்கே கோயில் நிலம் கோயிலுக்கே உரியதாய்ப் பெரிதும் தொடர்கிறது. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி, கோயிற் சொத்தை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் இசைவு வேண்டும். இசைவின்றிச் செய்தது செல்லாது. நம்மவருட் சிலருக்கு ஊரில் உள்ள பூர்வீக வீடு கோயில் அடிமனையில் நிற்கும். கட்டடம் நமது, மண் இறைவனது. ‘தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம்’ என்று அடிமனை வாடகையைக் கட்டாது விட்டுவிட்டுப் பெங்களூரில் இருந்துகொண்டு அவ்வீட்டை விற்க முயல்வோர் இடர்ப்படுவர். அடுத்த முறை ஊர் செல்லும்போது வாடகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து வருக.

இக்கல்வெட்டுகளை நாம் அறிவதற்குக் காரணமானவர் பி. லூயி ரைஸ். 1837ஆம் ஆண்டில் இப்பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர். மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளை ஊர் ஊராய்ப் படியெடுத்துத் தொகுதி தொகுதியாய் வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழங்கோயிற் கற்கள் பெயர்க்கப்படும் இந்நாளில், அந்நூலே பல கற்களுக்கு நிழற்படி. கல்லுக்கும் ஒரு நகல் வேண்டியிருக்கிறது! தாளுக்கு வேண்டாவோ?

தம்பிக்குச் சொன்னது

வீடு திரும்பியதும் அவனிடம் இவற்றைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று: கொடுப்பவர்க்கு உரிமை உண்டா என்று பார். மூலப் பத்திரத்தையும் வரிச் சீட்டையும் கேள். உடன்பிறந்தார் பங்கு இருந்தால் அவர்களும் கையொப்பமிடட்டும்.

இரண்டு: உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறு. வீடு முன்னரே வங்கிக்கு ஈடாய் இருந்து தவணை தவறினால், 2002ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டத்தின்படி வங்கி வழக்குமன்றம் செல்லாமலே அதைக் கைப்பற்றி ஏலம் விடலாம். உன் போக்கியம் அதன் முன் நில்லாது.

மூன்று: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட உடைமைப் போக்கியமும் பதிவின்றிச் செல்லாது. பதினொரு மாதத் தாள் பதினொரு மாதத்துக்கே காப்பு. மூன்று ஆண்டுக்குப் பணம் கொடுத்துப் பதினொரு மாதத்துக்குத் தாள் வாங்குவது எவ்வகைக் கணக்கு?

நான்கு: தொகையை வங்கி வழியாகவே கொடு, ரொக்கமாய்க் கொடாதே.

ஐந்து: நான்கெல்லை, தவணை, தொகையைத் திருப்பும் நாள், திருப்பாவிடில் என்ன என்பவை பத்திரத்தில் இருக்கட்டும். உனக்குப் புரியும் மொழியில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடு.

தம்பி மறுநாளே வில்லங்கச் சான்றுக்கு எழுதிப் போட்டான். நான்கு நாளில் வந்தது. அவ்வீடு ஒரு பெருங்கடனுக்கு ஈடாய் இருப்பது தெரிந்தது. தரகரிடம் முன்பணமாய்க் கொடுத்த ஐயாயிரம் போயிற்று. அவன் தங்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்த ஒன்பது இலட்சம் தப்பியது.

நான் ஏன் இத்துணை அக்கறை கொண்டேன் என்று நீங்கள் வினவலாம். 1978ஆம் ஆண்டில் என் தந்தையார் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வீட்டைப் போக்கியத்துக்குப் பெற்றார். ஊரில் இருந்த அரை ஏக்கர் புன்செயை விற்ற பணம் அது. சான்றாய் இருந்தது ஒரு வெள்ளைத் தாளும் வீட்டுக்காரர் வாக்கும். வீட்டுக்காரர் நல்லவர்தாம். ஆனால் நல்லவரும் இறப்பர் அல்லவா? அவர் மறைந்தபின் மக்கள் தமக்குள் வழக்காடினர். எங்கள் தாளை எவரும் ஒப்பவில்லை. ஒரு மழைநாள் மாலையில் பாத்திரங்களோடு தெருவில் நின்றோம். தந்தையார் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அவர் காலமானபின் அதை நான் கண்டேன். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது.

மடிவாளத்துக் கல்லில் எழுத்து இன்னும் அழியவில்லை. கொடுத்தவர் மறைந்தார், அரசர் மறைந்தனர், பேரேரியின் கீழிருந்த வயலும் தெருவாயிற்று. இந்த நிலம் இவ்வாறு கொடுக்கப்பட்டது என்ற வாக்கு மட்டும் நிற்கிறது. நாம் கல்லில் வெட்ட இயலாது. பதிவு அலுவலகத்துக்குப் போக இயலும்.

இத்திங்களில் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மடிவாளத்துக்கும் தொம்மலூருக்கும் சென்று வருக. கல்லின்மேல் எண்ணெய் தடவாமல், சுண்ணம் பூசாமல், கண்ணால் மட்டும் படிக்கச் சொல்லுக. திரும்பிவந்ததும் உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருமுறை படித்துவிடுக.